கடற்சிலந்தி ஏழாம் இதழுக்குத் தரம் எழுதிய கதை

நான் தரம் எழுதுகிற கடையை நடத்துகிற பொடியள் இப்போது பழைய கொமிக்ஸ் புத்தகங்களைக் கனத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மேலே தரம் எழுதிய ஒரு சீட்டு, உள்ளே புத்தகம். அடைத்தால் அடைத்ததுதான். திறந்தால் தரம் செல்லாது. வெளிநாட்டில் இதுதான் வழக்கமாம். அப்படியென்றால் எப்படி வாசிக்கிறது என்று கேட்டேன். இது வாசிக்கிறதுக்கு இல்லை, வைத்திருக்கிறதுக்கு என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். “கோவிக்காதேங்கோ அண்ணை, உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ, எங்கடை இணையப் பக்கத்திலை போடுவம்” என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் கொமிக்ஸ் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அது அவர்கள் பாடு.

என் ஊர் சண்டிலிப்பாய். பெயர் சோதிலிங்கம், ஆட்களுக்குச் சோதி. இளமை முழுக்க ஒரு புகையிலை வியாபாரியிடம் தரம் பிரிக்கிற வேலை. இலையைத் தடவியும் மணந்தும் எது சுருட்டுக்கு, எது வெற்றிலைக்கு என்று கூறு போட வேண்டும். சண்டை முடிந்து வந்த காலத்தில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. என்னிடம் மிஞ்சியிருந்த கொமிக்ஸ் புத்தகங்களை விற்கலாம் என்று யாழ்ப்பாணம் நகரத்துக்குக் கொண்டு போனேன். அங்கே நவமணி ரீச்சர் தன் வீட்டு முன்னறையில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். மிஷன் பாடசாலை ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் கூப்பிட்ட ரீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் சிறுவயதில் வாசித்த சித்திரக்கதைகளைத் தேடி அவரிடம்தான் எழுதுவார்கள்.

நான் புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றின் தாளையும் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றேன். ரீச்சர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதுகளை விக்க வேண்டாம்” என்றார். “நாளைக்கு வேலைக்கு வாரும்.”

ஐம்பதை எட்டிய எனக்கு அப்படித்தான் புதுத் தொழில் கிடைத்தது. பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறையப் பிழை விட்டேன், நிறைய ஏச்சு வாங்கினேன். ஏச்சு என்று சொல்லுவதும் பிழை. ரீச்சர் ஏசமாட்டார். நான் தரம் எழுதிய சீட்டை வாசித்து, புத்தகத்தை எடுத்துத் தனக்கு வலப்பக்கம் வைத்தால் சரி. இடப்பக்கம் வைத்தால் நான் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கே பிழை என்று சொல்லமாட்டார். வாயைத் திறந்து இரண்டு திட்டுத் திட்டினால் தேவலை என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அவருடைய முறை இதுதான். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். கையுறை கிடையாது. விரலை மூடிவிட்டு என்னத்தைப் பார்க்கிறது என்பார். வடக்கு யன்னலுக்குக் கீழே மேசை, மேசையில் தோய்த்து உலர்த்திய வெள்ளை வேட்டித் துண்டு. புத்தகத்தை அதில் வைத்ததும் திறக்கக் கூடாது. முதுகைப் பார்க்க வேண்டும், பிறகு நான்கு மூலைகள், பிறகு நடுவில் குத்திய கம்பிப் பின்கள். பின் துருப்பிடித்ததா, துரு தாளில் இறங்கியதா, யாராவது கழற்றி மாற்றிக் குத்தினார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு மணம். பூஞ்சணம் பிடித்ததற்கு ஒரு மணம், மண்ணெண்ணெய் விளக்கருகில் வாசித்ததற்கு வேறு மணம். பிறகுதான் பக்கங்களை எண்ணி நடுப்பக்கத்தை விரிக்கலாம். அட்டைப்படம் கடைசியில். அட்டைப்படம் அழகாக இருந்தால் கண் அதற்கு லஞ்சம் வாங்கிவிடும் என்பது ரீச்சரின் கட்சி. விரலைத் தவிர வேறு எந்த ஆயுதமும் புத்தகத்தில் படக்கூடாது என்பதும் சட்டம்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று உண்டு. சீட்டு எழுதி முடியும் வரை கதையை வாசிக்கக் கூடாது. கதை நல்லதாக இருந்தால் மனம் இளகும், கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு இதைவிடக் கொடுமையான சட்டம் இல்லை. கொமிக்ஸை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருப்பது என்றால் லட்டை வாயில் போட்டுவிட்டு விழுங்காதே என்கிற மாதிரி.

தரங்களின் பெயர்களையும் ரீச்சரே வைத்திருந்தார். புதுசு, மினுக்கம், நல்லது, வாசித்தது, அடிபட்டது, கந்தல். ‘வாசித்தது’ என்று எழுதும்போது மட்டும் அவருடைய முகம் கொஞ்சம் மலரும். புத்தகம் அதற்குத்தானே வந்தது.

இணுவிலில் இருந்து வந்த ஒரு கட்டு எனக்கு நல்ல பாடம். ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவருடைய சேகரிப்பு. எல்லாமே அருமையான நிலையில், முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் ஒவ்வொரு அட்டையின் வலது மூலையிலும் சந்தனமும் குங்குமமும். சிறுவயதில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தை வைப்பார்கள், பூசை முடியும் வரை கணக்குச் செய்யத் தேவையில்லை என்று. இந்த மனிதர் கொமிக்ஸை வைத்தாராம். வைத்துவிட்டு, பூசை முடியும் வரை தொடவும் முடியாமல் பூசை அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். அப்படி ஒவ்வொரு வருடமும்.

நான் ‘அட்டையில் கறை’ என்று எழுதி ஒரு படி குறைத்தேன். புத்தகம் இடப்பக்கம் போனது. திரும்பப் பார்த்தேன். திரும்பவும் அதையே எழுதினேன். திரும்பவும் இடப்பக்கம். அன்றைக்கு மட்டும் ரீச்சர் வாயைத் திறந்தார்.

“தெரியாமல் பட்டால் அது கறை. தெரிஞ்சு வைச்சது கறையில்லை, சோதி. அது அந்தப் புத்தகத்துக்கு நடந்தது.”

ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற மனுசி சொன்ன வார்த்தை அது. அன்றிலிருந்து எங்கள் சீட்டில் ‘பூசைப் பொட்டு’ என்று ஒரு தனி வரி வந்தது. அந்தப் பொட்டு வைத்த புத்தகங்களுக்கு வெளிநாட்டில் அடிபிடி நடந்தது வேறு கதை.

இப்போது கடற்சிலந்திக்கு வருகிறேன். எழுதும்போதே கை பரபரக்கிறது.

சண்டைக்கு நடுவில், வடக்குக்கு ஒரு சாமானும் வர விடாத தடைக் காலத்தில் பருத்தித்துறையில் இருந்து வந்த சித்திரக்கதை அது. இராசையா மாஸ்டர் என்ற சித்திர ஆசிரியர் தானே கதை எழுதி, தானே படம் கீறி, உலோக அச்சுக்கு வழியில்லாததால் மரப்பலகையில் செதுக்கி, காலால் மிதிக்கிற அச்சு இயந்திரத்தில் அடித்து வெளியிட்டார். கடற்சிலந்தி என்பது ஒரு கொள்ளைக் கூட்டம். அதை எதிர்க்கிற தோணிக்காரன் மாறன். அப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. பெண்சாதிக்குத் தெரியாமல் புகையிலைக் கட்டுக்குள் ஒளித்து வைத்து வாசித்தேன். ஆறாவது இதழின் கடைசிப் பக்கத்தில் மாறனைப் பாய்ச்சீலைச் சாக்குக்குள் திணிக்கிறார்கள். முகம் காட்டாத ஒரு பெண்ணின் கைகள் சாக்கின் வாயைத் தைக்கின்றன. கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுகிறார்கள். நீர்க்குமிழிகள். ‘தொடரும்’.

தொடரவில்லை. அதற்குள் ஊரே இடம்பெயர்ந்தது. மாறன் எப்படித் தப்பினான் என்று தெரியாமல் நாங்கள் ஒரு தலைமுறையே கிழண்டிப் போனோம்.

இராசையா மாஸ்டர் மட்டும் ஏழாவது இதழும் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம்தான் அடித்தாராம், விற்று முடிக்குமுன் ஓட வேண்டி வந்ததாம். அவரிடமும் ஒரு பிரதி இல்லை. செதுக்கிய பலகைகள் அடுப்புக்குப் போய்விட்டன. லண்டனில் இருக்கிற குகன் என்ற சேகரிப்பாளர் இணையத்தில் ஒரு பெரிய கொமிக்ஸ் குழு நடத்துகிறார். அவர்கள் மாஸ்டரைப் பேட்டி எடுத்து, “சரி மாஸ்டர், மாறன் எப்பிடித் தப்பினவன்?” என்று கேட்டார்கள். மாஸ்டர் ஒருமுறை இடுப்பில் கத்தி இருந்தது என்றார். இன்னொருமுறை வாள்மீன் வந்து சாக்கைக் கிழித்தது என்றார். பிறகு ஒருமுறை ஆமை. குழு அதோடு முடிவு கட்டிவிட்டது. ஏழாம் இதழ் வரவேயில்லை, கிழவர் கட்டிவிட்ட கதை என்று. எண்பதை நெருங்குகிற மனிதரைப் பொய்யர் என்று நாகரிகமான தமிழில் எழுதினார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் எங்கள் ஊரில் இருந்து மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் உரப்பையில் ஒரு கட்டுக் கொண்டு வந்தார். காலமான தமையனுடைய புத்தகங்களாம். அடுப்படி இறாக்கைத் தட்டில் ஒரு மூடிய பெட்டிக்குள் கிடந்ததாம். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன். கடற்சிலந்தி நாலு, ஐந்து. பிறகு ரோசா நிற ஃபைல் மட்டையையே அட்டையாகப் போட்ட ஒரு மெல்லிய புத்தகம். சிலந்தியின் கால்களுக்கு நடுவில் 7.

“ரீச்சர்!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

“கத்தாதையும். கை கழுவினனீரோ?”

கழுவினேன். அவசரத்தில் சவர்க்காரம் இரண்டு முறை கீழே விழுந்தது. வேட்டித் துண்டில் வைத்தேன். முதுகு, மூலைகள். மணம், பழைய பெட்டியும் புகையும். பக்கங்களை எண்ணும்போது படங்கள் கண்ணுக்குள் பாய வந்தன. ரீச்சர் ஒரு மட்டைத் துண்டைத் தந்து, “உதாலை மூடி மூடி எண்ணும்” என்றார். இந்த மனுசிக்கு நெஞ்சு கல்லா என்று நினைத்தேன். மட்டையின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது, ஒரு அலை தெரிந்தது. வாசிக்கவில்லை. சத்தியமாக வாசிக்கவில்லை.

தாள் கொப்பி ஒற்றை. நீலக் கோடு போட்ட, பிள்ளைகள் எழுதுகிற தாளின் மேல் கதை அச்சடித்திருந்தது. நடுப்பக்கத்தில் பின் இல்லை. நூலால் தைத்திருந்தது, தையல் மெசினில்.

பின் இல்லாமல் நூல் இருந்தால், யாரோ வீட்டில் திருப்பிக் கட்டியது என்று பொருள். எங்கள் கணக்கில் நேரே ‘அடிபட்டது’. பேனையை எடுத்தேன்.

“பின் குத்தின ஓட்டை இருக்கோ?” என்றார் ரீச்சர்.

பார்த்தேன். இல்லை. ஊசி போன ஓட்டைகள் மட்டும். அப்படியென்றால் முதலில் கட்டியதே நூலால்தான். எங்கள் கடையில் ஆறாம் இதழ் ஒன்று இருந்தது. அதுவும் நூல் தைத்தது என்று எனக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். நேராக ஓடி வந்த தையல் ஓரிடத்தில் விட்டுப்போய் நூல் நீளமாகக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி விட்டிருந்தது. ஏழாம் இதழிலும் அதே மாதிரி, அதே இடைவெளியில். இரண்டும் ஒரே மெசினில் தைத்தவை. எனக்கு மேசையைச் சுற்றி ஆடவேண்டும் போல் இருந்தது.

குகன் அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். செய்தி கேட்டு மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். நல்ல பண்பான மனிதர். புத்தகத்தைப் பார்த்ததும் அவருடைய முகத்தில் ஆசையும் சந்தேகமும் மாறி மாறி ஓடின.

“கொப்பி ஒற்றையிலை ஆரண்ணை கொமிக்ஸ் அடிப்பினம்?”

“நீங்கள் எப்ப லண்டன் போனனீங்கள் தம்பி?”

“ஆறாம் இதழ் வந்த கையோடை.”

“அதுதான். அதுக்குப் பேந்து பேப்பரே இல்லை. செய்தித்தாள் கூடக் கோடு போட்ட ஒற்றையிலைதான் வந்தது. கோட்டுக்கு மேலை செய்தியை வாசிச்சனாங்கள்.”

அதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் கொப்பி ஒற்றை இன்றைக்கும் எந்தக் கடையிலும் வாங்கலாம், தேத்தண்ணியில் நனைத்தால் பழுப்பாகிவிடும் என்றார். தையல் பொருந்துவதைக் காட்டினேன். ஆறாம் இதழைத் தைத்தது யார் என்று மாஸ்டரிடமே கேட்போம் என்று முடிவாயிற்று. மறுநாள் குகன் பிடித்த வாடகை வான் வண்டியில் மூவரும் பருத்தித்துறைக்குப் போனோம். புத்தகம் பிஸ்கட் ரின்னுக்குள், ரின் ரீச்சரின் மடியில். வழி முழுக்க நான் கதைத்துக்கொண்டே போனேன். ரீச்சர் ஒரு தடவை மட்டும், “மூச்சு விடும்” என்றார்.

மாஸ்டருக்குக் கண் அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சம் இருட்டுத் தெரியும், எழுத்துத் தெரியாது. புத்தகத்தை அவருடைய கையில் வைத்தோம். இரண்டு பக்கமும் தடவினார். அவருடைய மனைவி மனோன்மணி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, குகன் யார் என்று தெரிந்ததும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். உபசாரம் அதோடு நின்றது.

“மாஸ்டர், மாறன் எப்பிடித் தப்பினவன் எண்டு இப்ப ஞாபகம் வருதோ?” என்று குகன் கேட்டார்.

மாஸ்டர் புத்தகத்தின் முதுகைத் தடவியபடியே, “சங்கிலி அறுந்திருக்கும்” என்றார். சங்கிலி என்று ஒன்று அந்தக் கதையிலேயே இல்லை. குகன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மாஸ்டரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

“ஆறாம் இதழைத் தைச்சது ஆர், அக்கா?” என்று பேச்சை மாற்றினேன்.

“நான்தான். வேறை ஆர் இருக்கினம்? பின் முடிஞ்சு போச்சு எண்டு என்ரை தலையிலை கட்டினவர். சட்டை தைக்க வந்த சனம் வாசலிலை நிக்க, நான் புத்தகம் தைச்சுக்கொண்டு இருந்தனான். ஏழையும் நான்தான் தைச்சனான். சொன்னால் ஆர் நம்பினம்?”

“அந்த மெசின்?”

“உங்கை கிடக்கு. எங்கை போனாலும் காவிக்கொண்டு போனனாங்கள். அண்டைக்கும் தையல் விடும், இண்டைக்கும் விடும். திருத்தித் தாங்கோ எண்டு கேட்டுக் கேட்டு என்ரை வாய்தான் தேஞ்சுது.”

ஒரு கடதாசியைத் தைத்துக் காட்டச் சொன்னேன். அக்கா முறைத்தபடியே போய் உட்கார்ந்து மிதித்தார். டக டக டக என்று ஓடிய ஊசி ஓரிடத்தில் விட்டது. பிறகும் விட்டது. கடதாசியைப் பறித்து ஏழாம் இதழின் நடுப்பக்கத்தோடு வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாக அதே இடைவெளி! “பாருங்கோ தம்பி! பாருங்கோ!” என்று துள்ளினேன். அறுபதை நெருங்குகிறவன் துள்ளுகிற துள்ளலா அது.

குகன் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், “அப்ப இதைப் போன கிழமையும் தைச்சிருக்கலாமே, அண்ணை” என்றார்.

எனக்குக் காற்றுப் போய்விட்டது. அவர் சொன்னதில் பிழையில்லை. மெசின் இருக்கிறது என்பதே இப்போது எங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. மனோன்மணி அக்கா எழும்பினார்.

“எங்களைக் கள்ளர் எண்டுறியளோ? இஞ்சை வந்து, என்ரை தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு!”

“விடு மனோ” என்றார் மாஸ்டர். புத்தகம் இன்னும் அவருடைய மடியில் இருந்தது. “அவையிலை பிழையில்லை. எனக்கே இப்ப ஐமிச்சமாக் கிடக்கு. கீறினனானோ, கீறுவம் எண்டு நினைச்சனானோ தெரியேல்லை. எல்லாரும் இல்லை எண்டு சொல்லச் சொல்ல, இல்லையோ எண்டுதான் வருது.”

 ஊர் நம்பாமல் விட்டது ஒரு பக்கம். தான் செய்த வேலையைத் தானே நம்ப முடியாமல் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தது அதைவிடப் பெரிய கொடுமை. தரம் போடுகிறவன் என்று பெயர் வைத்துக்கொண்டு இதற்கு ஒரு வழி தெரியாவிட்டால் நான் என்னத்துக்கு என்று நினைத்தேன். புத்தகத்தை வாங்கி நடுப்பக்கத்தை மறுபடி விரித்து, யன்னல் பக்கம் திருப்பினேன். மற்றத் தையல் எல்லாம் தாளை இறுக்கிப் பிடித்திருந்தது. விட்டுப்போன இடத்தில் மட்டும் நூல் நீளமாக, தளர்வாகக் கிடந்தது. அவ்வளவு காலம் மூடிய புத்தகத்துக்குள், தாளோடு தாளாக அமுங்கிக் கிடந்த நூல்.

அப்போது எனக்கு உறைத்தது. 

“ரீச்சர், இந்த நூலைத் தூக்கலாம். அறுக்கத் தேவையில்லை. கீழை தாள் என்ன நிறம் எண்டு பாக்கலாம்.”

ரீச்சர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒருநாளும் விரலைத் தவிர வேறொன்றைப் புத்தகத்தில் படவிடாத மனுசி, மனோன்மணி அக்காவின் பக்கம் திரும்பி, “முனை மொட்டையான ஊசி ஒண்டு இருக்கோ?” என்று கேட்டார்.

சாக்குத் தைக்கிற ஊசி ஒன்று வந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தளர்ந்த நூலுக்குக் கீழே நுழைத்து மெல்லத் தூக்கினார். குகன் போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.

பழுப்பேறிய தாளின் நடுவில், நூல் கிடந்த இடத்தில், ஒரு மயிர் அளவுக்கு வெள்ளைக் கோடு.

“தம்பி!” எனக்குக் குரல் கீச்சென்று போனது. “பழுத்த தாளைப் போன கிழமை தைச்சிருந்தால் நூலுக்குக் கீழையும் பழுப்பாத்தானே இருக்கும்?”

“தைச்சுப்போட்டுத் தேத்தண்ணியிலை நனைச்சிருந்தால்?” என்றார் குகன். விடுகிற ஆள் இல்லை.

“நூலும் பழுத்திருக்கும். பாருங்கோ, நூல் வெள்ளை. தேத்தண்ணி நூலுக்குக் கீழையும் ஊறியிருக்கும்.”

“வெயிலிலை விரிச்சுப் போட்டிருந்தால்?”

அதற்கு ரீச்சர் பதில் சொன்னார். ஊசியை அசைக்காமல், மற்றக் கையால் தாளைத் தொடாமல் காட்டினார். “கொப்பிக் கோட்டைப் பாரும். வெயில் பட்டிருந்தால் நீலக்கோடு முதல்லை போயிருக்கும். இது அப்பிடியே கிடக்கு. இந்தத் தாள் இருட்டுக்குள்ளை கிடந்து, தன்ரை பாட்டிலை, நாள்ப்பட்டுப் பழுத்தது. நூல் அமுக்கின இடத்திலை மட்டும் காத்துப் படேல்லை. பழுக்க முந்தித் தைச்சது.”

எந்தக் கோட்டைப் பார்த்து இது கொமிக்ஸே இல்லை என்று சொன்னாரோ அந்தக் கோட்டையே குகன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து மாஸ்டரிடம் போய், அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், நீங்கள் கீறினனீங்கள்தான். எங்களிலைதான் பிழை. நான் எழுதிறன், எல்லாருக்கும் எழுதிறன்.”

“மெய்யாவோ?” என்றார் மாஸ்டர். “மெய்யாவோ, மனோ?” அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குகன் என் பக்கம் திரும்பினார். அவருடைய கண்ணில் இப்போது சேகரிப்பாளர் இல்லை, ஆறாம் இதழை மூடிவிட்டு விமானம் ஏறிய பொடியன்தான் இருந்தான். “அண்ணை, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், வாசியுங்கோ!”

நான் முதல் பக்கத்தைப் புரட்டினேன். ரீச்சர் தொண்டையைச் செருமினார்.

“சீட்டு எழுதேல்லை.”

நம்புவீர்களா? தையல் மெசினின் பலகை மேல் வைத்து, எல்லோரும் காத்திருக்க, நான் சீட்டு எழுதினேன். முதுகு, மூலை, மணம், பக்கம் முழுமை. தையல் என்ற இடத்தில் ‘அச்சகத்தார் தைத்தது, உள்ளபடி’ என்று எழுதினேன். தரம்: வாசித்தது. ரீச்சர் வாங்கிப் படித்தார். புத்தகத்தை எடுத்துத் தனக்கு வலப்பக்கம் வைத்தார். பிறகு அதை எடுத்து என் கையில் தந்து, “இனி வாசியும்” என்றார்.

மாஸ்டருக்குப் படம் தெரியாது என்பதால் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லிச் சொல்லி வாசித்தேன். சாக்கு கடலுக்குள் இறங்குகிறது. உள்ளே இருட்டு. மாறன் முட்டுகிறான், மோதுகிறான், முடியவில்லை. மூச்சு முடிகிற நேரம். அடுத்த கட்டத்தில் அவனுக்கு ஒரு நினைவு வருகிறது. சாக்குத் தைக்கும்போது அந்தப் பெண் குனிந்து காதில் ஏதோ சொன்னாள். ஆறாம் இதழில் கைகளை மட்டும் காட்டிய பெண்ணின் முகம் இப்போது கட்டம் நிறைய வருகிறது. அவள் சொல்கிறாள்: ‘ஒரு தையலைத் தப்ப விட்டிருக்கிறேன். விரலால் தேடு.’

மாறன் தேடுகிறான். விரல் ஒன்று நுழைகிறது. பிறகு கை. பிறகு வெளிச்சம்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு வகிடு, அகன்ற நெற்றி, இடது மூக்கில் எட்டுக்கல் மூக்குத்தி. எல்லாவற்றுக்கும் மேலே அந்த முறைப்பு. நிமிர்ந்து மனோன்மணி அக்காவைப் பார்த்தேன். புத்தகத்தை அவருடைய பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

அத்தனை பிரதிகளையும் தன் கையால் தைத்தவர், ஒன்றைக்கூட எடுத்து வாசித்ததில்லை. அப்போது அவருக்கு அதற்கு நேரம் எங்கே இருந்தது. கிட்ட வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ” என்றார் மாஸ்டரிடம். “உது நானோ?”

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அந்தக் குருட்டுக் கண்களில் இருந்து தண்ணீர் வந்தது.

“வந்திட்டுது, வந்திட்டுது! நீ அந்த மெசினைத் திருத்தச் சொல்லி ஆக்கினைப்படுத்தேக்கைதான் எனக்கு அந்த யோசினை வந்தது. வேறை ஆர் மனோ, நீதான்.”

அக்கா மெசினுக்கு முன்னால் இருந்த வாங்குப் பலகையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

“முதல்லை இருந்து வாசியுங்கோ, தம்பி” என்றார். “ஒண்டும் விடாமல்.”

நான் முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.